ரிக்குக்கு ரிட்டன் லோடு

"ரிக்கு லாரி இல்லடா! உனக்கு எத்தன தடவ சொல்றது?"

"பத்து டயரு இருக்குது, ஸ்டீரிங் இருக்குது, டீசல் குடிக்குது, டோல்கேட்ல வரிசைல நிக்குது. லாரி இல்லாம அது என்ன, தேரா?"

"தேர்னே எழுதிக்கோ. லாரியோட வாரிசுன்னு எழுதாத!"

"எழுதியாச்சு புள்ள. வேலையும் முடிஞ்சுது. நீ கத்தறது கீழ இருக்கற அக்காவுக்குக் கேக்கும்."

கீழே இருக்கிற அக்கா கீழே இல்லை. படியில் பாதி தூரத்தில், ஈரத்துணி வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். மொட்டை மாடிக்குப் போகிற படி அவர்கள் ஆபீஸ் கதவை உரசிக்கொண்டுதான் போகிறது. வீட்டைக் கட்டிய கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும், என்னைக் கேட்டுப் பயனில்லை.

மாடியை அந்த இரண்டு பேருக்கும் வாடகைக்கு விட்டதில் எனக்குப் பொழுது நன்றாகப் போனது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண் குரல் மணிமாறனுடையது. எங்கள் தெருக்கோடி காளியண்ணன் மகன். பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, அங்கே தண்ணீரும் சரியில்லை, மேனேஜரும் சரியில்லை என்று திருச்செங்கோட்டுக்கே திரும்பி வந்தவன். பெண் குரல் ரஞ்சிதா. அவனோடு காலேஜில் ஒன்றாகப் படித்தவள். ஆத்தூர்ப் பெண். இங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கம் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். ஆத்தூர்க்காரர்களுக்கே உள்ள பேச்சு. நாம் வாக்கியத்துக்கு ஓர் 'ங்க' வைத்து உருட்டிக் கொடுப்பதை அவள் நறுக்கென்று போட்டுவிடுவாள். முதல் வாரம் எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு பார்த்தால், அந்தப் பெண் அப்படித்தான் கடவுளிடமும் பேசுகிறாள்.

இரண்டு பேரும் சேர்ந்து வெப்சைட் செய்து கொடுக்கிறார்கள். வாசலில் 'எம்.ஆர். டெக்' என்று போர்டு. எம் மணிமாறன், ஆர் ரஞ்சிதா. ஆனால் எங்கள் ஊரில் ஆர் என்றால் ரிக்ஸ் என்றுதான் கண் படிக்கும். தெருவுக்கு நாலு ரிக் முதலாளி இருக்கிற ஊர். 'மணிமாறன் ரிக்ஸ்' என்று நினைத்துக்கொண்டு, அடிக்கு என்ன ரேட் என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது மாடி ஏறுவார். ரஞ்சிதா எழுந்து வந்து, "அந்த ஆர் நான்தான்" என்பாள். வந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க எத்தன அடி போடுவீங்க அம்மிணி?" என்பார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ரிக் என்றால் போர் போடுகிற வண்டி. ஒன்று போலத் தெரிந்தாலும் அது இரண்டு வண்டி. முன்னால் துளை போடும் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு ஒன்று, பின்னால் காற்றை அழுத்தித் தருகிற கம்ப்ரசரைச் சுமந்துகொண்டு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ரிக். வடக்கே மழைக்காலம் முடிந்ததும் ஜோடி ஜோடியாக அங்கே கிளம்பிவிடும். முதலாளியோ அவர் மகனோ கூடவே போய், அங்கே கூடாரம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஊர் ஊராகப் பாயிண்ட் பிடிக்க வேண்டும். போர் போட வேண்டிய இடத்தைத்தான் பாயிண்ட் என்கிறார்கள்.

மணிமாறனின் தலைவலியே இதுதான். காளியண்ணனுக்கு முழங்கால் வலி வந்து இந்த வருஷம் மகனை ராய்ப்பூருக்கு அனுப்புவது என்று முடிவு செய்திருந்தார். அவன் தன் வேலையை விட்டுப் போக மாட்டேன் என்றான். அப்பனும் மகனும் என் வீட்டுப் படியிலேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். நான் அப்போது படியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"உன்ற வேலைல அப்பிடி என்னதான் இருக்குதுன்னு நானும் பாத்தர்றேன்" என்றார் காளியண்ணன். "நம்ம ரிக்குக்கு ஒரு வெப்சைட்டு பண்ணு. ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாள் சாயங்காலம் வண்டி கிளம்புது. அதுக்குள்ள அது வழியா ஒரே ஒரு பாயிண்ட்டு வரட்டும். வந்துச்சுன்னா நீ மாடிலயே உக்காந்துக்க, நான் போறேன். வல்லீன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு வண்டீல ஏறிரோணும். பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டனுங்கப்பா."

"தெய்வநாயகி, நீ சாட்சி."

எனக்கு அதைவிட வேறென்ன வேலை.

அவன் சரி என்றதற்கு ஒரு காரணம் இருந்தது. பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் மாதேஸ்வரனுக்கு அவர்கள் ஒரு வெப்சைட் செய்து கொடுத்து, அது ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. முட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி காலியாகத் திரும்பினால் டீசல் தண்டம். அதனால் ஒரு லாரிக்குப் போகிற ஊர் எழுதப்பட்ட உடனே, 'இந்த வண்டி இந்த ஊரில் காலியாகும், ரிட்டன் லோடு வேண்டும்' என்று அதுவாகவே லோடு பக்கத்தில் போட்டுவிடும். ஷெட்டில் சும்மா நிற்கிற வண்டியையும் 'காலியாக இருக்கிறது' என்று கூவிவிடும். மணிமாறனுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மாதேஸ்வரன் அவனைத் 'தம்பி' என்பதை விட்டு 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

சண்டை எங்கே வந்தது என்பதை ரஞ்சிதாவுக்குக் காப்பி கொடுத்துக் கொடுத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். இவர்கள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அச்சு செய்துகொள்கிறார்கள். கிளாஸ் என்று அதற்குப் பெயர். நம் முறுக்கு அச்சு மாதிரி. அச்சு ஒன்று, பிழிவது எத்தனையோ. லாரி என்று ஓர் அச்சு செய்துவிட்டால், அதற்கு டிரைவர் உண்டு, பெர்மிட் உண்டு, லோடு உண்டு, ரிட்டன் லோடு உண்டு. இனி 'முட்டை லாரி' வேண்டும் என்றால் புதிதாகச் செய்ய வேண்டாம். 'இது லாரியின் வாரிசு' என்று ஒரு வரி எழுதினால் போதும், லாரிக்கு உள்ளதெல்லாம் அதற்கும் வந்துவிடும். மணிமாறன் அந்த ஒரு வரியைத்தான் ரிக்குக்கும் எழுதிவிட்டான்.

"டிரைவர், பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் தானா வந்துருச்சு பாத்தியா? ஒரே நாள்ல முடிச்சேன்" என்றான்.

"லோடும் சேந்து வந்திருக்குல்ல? ரிக்கு எந்த லோடுடா ஏத்தும்?"

"அத நான் பக்கத்துல காட்டாம மறச்சுட்டேன்."

"மறச்சா இல்லாம போயிடுமா? அப்பன் சொத்த வாங்கிக்கிட்டு பீரோவுல வச்சுப் பூட்டிட்டா, எனக்கு சொத்தே இல்லன்னு சொல்லிடுவியா? டேய், ரிக்கு லாரியோட வாரிசு இல்ல. ரிக்கு *கிட்ட* லாரி இருக்கு. ரெண்டு வண்டி இருக்கு, ஒரு மெஷின் இருக்கு, ஒரு கம்ப்ரசர் இருக்கு. தனித்தனியா செஞ்சு சேத்து வை."

"அதுக்கு ஒரு வாரம் ஆகும். எங்கப்பன் வண்டிக்கு கலர் அடிக்க ஆரம்பிச்சாச்சு."

"அப்ப உங்க அப்பாவோடயே போ."

சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள். வாளியோடு என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா அக்கா?" என்றாள். நான் எதையும் கேட்கவில்லை என்றேன். "சரி, நீங்களே சொல்லுங்க, ரிக்கு லாரியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் படி இறங்கினாள். மறுநாளே பூஜை லீவு என்று ஆத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

பையன் பெருமையாக வெப்சைட்டைத் திறந்துவிட்டான். காளியண்ணனின் ரிக் போட்டோ, பளபளவென்று. கீழே 'போர் போட இங்கே அழுத்தவும்' என்று பச்சையில் ஒரு பட்டன். தெரு முழுக்க ஃபோனில் காட்டினான். எனக்கும் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அன்று சாயங்காலமே காளியண்ணனுக்கு ஃபோன் வர ஆரம்பித்தது. மனிதருக்கு முகமெல்லாம் பல். நடுத்தெருவில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுங்க, காளியண்ணன் பேசறனுங்க. எங்க பாயிண்ட்டு?"

"பாயிண்ட்டுங்களா? ஜலகண்டாபுரமுங்க. சேலை பேலு கட்டிக் கெடக்குது. வண்டி காலியா நிக்கிதுன்னு போட்டிருந்துச்சுங்களே, எத்தன பேலு புடிக்கும்?"

காளியண்ணன் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, அது தன்னுடைய ஃபோன்தானா என்று பார்த்தார்.

"என்னுது ரிக்குங்க."

"ரிக்கோ ஜிக்கோ, தார்ப்பாய் இருக்குதுங்களா?"

அதை வைத்தால் அடுத்தது. ஆத்தூரிலிருந்து ஜவ்வரிசி மூட்டை. அதற்கடுத்து ராய்ப்பூரிலிருந்தே ஓர் ஆள், அரைகுறைத் தமிழில். வண்டி ராய்ப்பூரில் காலியாகிறதாமே, அங்கிருந்து அரிசி ஏற்றி அனுப்பலாமா என்று. வண்டி இங்கே ஷெட்டில் பெயிண்ட் காயாமல் நிற்கிறது, அங்கே அதற்கு அரிசி தயாராகிவிட்டது. காளியண்ணனின் இரண்டு ரிக்கும் நாலு லாரியாக மாதேஸ்வரனின் லோடு பக்கத்தில் ஏறி, நாலுமே கூவிக்கொண்டிருந்தன.

கடைசியாக வந்ததுதான் அவரை உட்கார வைத்தது.

"மேச்சேரில இருந்து ஆண்டி பேசறனுங்க. ஆடு ஏத்தோணும். உங்க கம்ப்ரசர் வண்டீல எத்தன ஆடு நிக்கும்?"

"ஆடா?"

"நல்ல ஆடுங்க. மேச்சேரி ஆடு. ஒன்னும் அசிங்கம் பண்ணாது."

"யோவ், வைய்யா ஃபோன!"

"ஏனுங்க கோவிச்சுக்கறீங்க? இன்னொன்னுங்க, அந்தப் போரு போடற பட்டன..."

அதற்குள் காளியண்ணன் வைத்துவிட்டார். எதிர்வீட்டு ரமேஷ்குமார், அவரும் ரிக் முதலாளிதான், மதில் மேல் கையூன்றி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணா, ஆட்டுக்கு அடிக்கு என்ன ரேட்டுங்க?" என்றார். அவ்வளவுதான். காளியண்ணன் முழங்கால் வலியையும் மறந்து என் வீட்டுப் படியில் ஏறினார். நான் காப்பித் தம்ளரோடு பின்னால் போனேன். சண்டை போடுகிறவர்களுக்குத் தொண்டை வறளும்.

"ஏண்டா, முப்பது வருசமா ஊரு ஊரா போரு போட்டு சம்பாதிச்ச பேரு. உன்ற வெப்சைட்டு ஒரே நாள்ல என்னைய ஆட்டு யாவாரி ஆக்கிப்போடுச்சு."

"சரி பண்ணிர்றனுங்கப்பா. சின்னத் தப்புங்க."

"பொட்டியக் கட்டு."

"இன்னும் நாள் இருக்குதுங்களே."

"இருக்குது. அதுக்குத்தான் கட்டச் சொல்றேன். கடைசி நேரத்துல துண்டு மறந்துருவே."

மணிமாறன் சரி செய்தான். எப்படி என்றால், லாரி அச்சுக்குள் போய், 'வண்டி ரிக்காக இருந்தால் ரிட்டன் லோடு கேட்காதே' என்று எழுதி வைத்தான். ரிக் வாயை மூடியது. கம்ப்ரசர் வண்டி மூடவில்லை; அதற்கு ரிக் என்று பெயர் இல்லையே. அதற்கும் ஒரு வரி எழுதினான். அந்த வரியில் என்ன கோணல் விழுந்ததோ, மறுநாள் காலை மாதேஸ்வரன் நாமக்கல்லிலிருந்து கூப்பிட்டார். மணிமாறன் மறுபடியும் 'தம்பி' ஆகியிருந்தான்.

"தம்பி, என்ற முட்ட லாரிக எல்லாம் ஊமையாயிருச்சு! ஒரு வண்டிக்கும் ரிட்டன் லோடு வல்ல. கல்கத்தாவுல டிரைவருக படுத்துக் கெடக்கறானுக. நல்லா ஓடீட்டிருந்ததுல எதுக்குக் கைய வெச்சே?"

பையன் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினான், அழித்தான், எழுதினான். போட்டதையெல்லாம் எடுத்ததும் முட்டை லாரிகளுக்குப் பேச்சு வந்தது. கூடவே ரிக்குகளுக்கும் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய அடி, பச்சைப் பட்டனை அவனே ஒருமுறை அழுத்திப் பார்த்தபோது விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அழுத்தினான். சும்மா நின்றது.

என்னவென்று தேடினால், லாரி புக்கிங்கில் எத்தனை டன் என்று எழுதாமல் விட்டால் ஆர்டர் போகாது. ரிக் அதற்கு வாரிசு அல்லவா? அந்தக் கேள்வியும் கூடவே வந்திருக்கிறது. அவன் அதை மறைத்துவைத்திருந்ததால், எழுத இடமில்லை. எழுதாமல் போகவும் வழியில்லை. உலகத்தில் எவனாலும் அந்தப் பட்டன் வழியாகப் போர் கேட்க முடியாது. பாயிண்ட் வரவில்லை, வரவில்லை என்று இவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலைச் சுவர் வைத்து அடைத்தவன் இவனேதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கீழே இறங்கி வந்து என் சமையலறை வாசலில் நின்றான்.

"ஏனுங்கக்கா, ரஞ்சிக்கு ஒரு ஃபோன் போடுங்களே."

"உன்ற ஃபோனுக்கு என்ன வந்துச்சு?"

"நான் போட்டா எடுக்க மாட்டா."

"என்னன்னு சொல்றது?"

"சும்மா... எப்பிடி இருக்கேன்னு கேளுங்க. அப்பறம் ரிக்கு லாரி இல்லீன்னு சொல்லுங்க."

நான் ஸ்பீக்கரில் போட்டேன். செய்தியைச் சொன்னேன். "அதை அவனையே சொல்லச் சொல்லுங்க அக்கா" என்றாள்.

"ரிக்கு லாரி இல்ல" என்றான் மணிமாறன், என் அரிசி டப்பாவைப் பார்த்துக்கொண்டு.

"இன்னும் சத்தமா."

"ரிக்கு லாரி இல்ல புள்ள!"

தெருவில் போன பால்காரர் நின்று திரும்பிப் பார்த்தார். "நாளைக்குக் காலைல வரேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

பூஜையன்று அவள் வந்து சேர்ந்தபோது கதையே வேறாகிவிட்டிருந்தது. மணிமாறனின் அம்மா கண்ணாத்தாள் அதற்கு முன்பே மாடிக்கு வந்து, இரண்டு லேப்டாப்பையும் வாழையிலை மேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மேலே சாமந்திச் சரம் சுற்றிவிட்டார். கூடவே அவர்கள் கீபோர்டு, சார்ஜர், ஏன் என்றே தெரியாமல் ஏ.சி. ரிமோட். பக்கத்தில் பொரி, கடலை, வாழைப்பழம்.

"அம்மா, அத எடுக்கோணுமுங்க" என்றான்.

"சாமிக்கு வெச்சதத் தொடாத. நாளைக்குக் காலைல எடுத்துக்கலாம்."

"வண்டி நாளைக்கு சாயங்காலம் கிளம்புதுங்கம்மா!"

"ரிஞ்சு, ஸ்பேனருகூட இன்னிக்கிப் பூசைலதான் கெடக்குது. உன்ற டப்பாவுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

கண்ணாத்தாள் இருக்கிற இடத்தில் அப்பீல் கிடையாது. அதோடு விடாமல், பூஜைக்குக் காவலாக ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் சொல்கிறேன், அந்தப் பையனுக்கு நடந்த நல்லது அதுதான். அவன் கை கீபோர்டில் இருந்தால் காது மூடிக்கொள்கிற ஜாதி. அவள் பேச ஆரம்பிப்பதற்குள் இவன் அடிக்க ஆரம்பித்துவிடுவான். அன்று அடிக்க ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ரஞ்சிதா என்னிடம் தாம்பாளமும் தட்டும் தம்ளர்களும் கிண்ணமும் கேட்டாள். கொண்டுபோய்க் கொடுத்தேன், கொடுத்துவிட்டு வர எனக்கு என்ன அவசரம்?

"இதான் ரிக்கு" என்று தாம்பாளத்தை வைத்தாள். "இதுக்கு அப்பன் ஆத்தா யாரும் இல்ல. தனி ஆளு. இப்ப இதுக்கு என்ன வேணும்?"

"ரெண்டு வண்டி."

இரண்டு தம்ளரைத் தாம்பாளத்தில் வைத்தாள். "இது வெறும் சேசிஸ். சக்கரம், டிரைவர், பெர்மிட், இன்சூரன்ஸ். அவ்ளோதான். மேல என்ன ஏத்தறாங்கன்னு இதுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்ல. அப்புறம்?"

"துளை போடற மெஷினு."

கண்ணாத்தாள் பிரசாதமாகக் கொடுத்த வாழைப்பழத்தை முதல் தம்ளரில் நட்டாள். இன்னொன்றில் எலுமிச்சம்பழம், அது கம்ப்ரசர். பிறகு வேறொரு தட்டை எடுத்து வைத்தாள்.

"இது மாதேஸ்வரன் சாரோட லாரி. இதுக்கும் அதே மாதிரி ஒரு தம்ளர். ஆனா இதுமேல ஒரு கிண்ணம், லோடு ஏத்த. டன் கேக்கறது யாரு?"

மணிமாறன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நான் பார்த்தேன். "கிண்ணம்" என்றான்.

"ரிட்டன் லோடுக்குக் கூவறது?"

"அதும் கிண்ணம்." பிறகு தாம்பாளத்தைப் பார்த்தான். "ரிக்குல கிண்ணமே இல்ல."

"இல்லல்ல? அப்ப மறைக்கவும் வேண்டாம், ரிக்கா இருந்தா செய்யாதேன்னு எங்கயும் போய்ச் சொல்லவும் வேண்டாம். முட்டை லாரிய நீ தொடவே போறதில்ல."

தட்டையும் தாம்பாளத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "இத அன்னிக்கே இப்பிடிச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னேன். நீ டைப் பண்ணிக்கிட்டு இருந்த."

அந்த நேரம் பார்த்துக் காளியண்ணன் பொரி வாங்கிப் போக மேலே வந்தார். தம்ளரில் நட்டிருந்த வாழைப்பழத்தை நின்று பார்த்தார்.

"இதென்ன கூத்து?"

"உங்க ரிக்குங்கப்பா" என்றான் மகன்.

காளியண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் குனிந்து ரிக்கின் ட்ரில்லை உருவி, உரித்து, நிதானமாகத் தின்றுவிட்டு, "பொட்டி கட்டியாச்சா?" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கண்ணாத்தாள் கற்பூரம் காட்டி உத்தரவு கொடுத்தார். இரண்டு பேரும் லேப்டாப்பைத் திறந்தார்கள்; கீபோர்டு இடுக்கில் குங்குமம். இப்போது சண்டைச் சத்தமே இல்லை, எனக்கு ஒரே கவலை. துணி காயப்போடும் சாக்கில் மேலே போய்ப் பார்த்தேன். அவன் சேசிஸ் எழுத, அவள் ரிக் எழுத, பேச்சு மூச்சு இல்லை. ஒருமுறை மட்டும், "கிண்ணம்னு பேரு வெச்சுட்டியா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. "ஆமா, நல்லாத்தான இருக்குது" என்றான். அந்தப் பெயர் இன்றைக்கும் அப்படியே இருக்கிறதாம்.

ஒரு வாரம் ஆகும் என்றதை இரண்டு பேருமாக மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு முடித்துவிட்டார்கள். பட்டனை அழுத்திப் பார்த்தார்கள், ஆர்டர் போனது. மாதேஸ்வரன் லாரிகள் கூவின, ரிக்குகள் கண்ணியமாக வாய் மூடி நின்றன. எல்லாம் சரி. ஆனால் பாயிண்ட்? பட்டன் வேலை செய்தால் மட்டும் போதுமா, யாராவது அழுத்த வேண்டுமே.

தெருவில் ரிக்குகள் வந்து நின்றுவிட்டன. மாலை, வாழைக்கன்று, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைக்க ஆள் தயார். மணிமாறனின் நீலப் பெட்டி வண்டி கேபினில் ஏறிவிட்டது, கண்ணாத்தாள் ஏற்றிவைத்தது. அவன் என் வீட்டு வாசலில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரஞ்சிதா, அதே ஃபோனை எட்டிப் பார்த்துக்கொண்டு. நான் சாமிக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். வம்பு பேசுகிறவளுக்கு மனசு கிடையாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

டிரைவர் இன்ஜினை முடுக்கினார். அப்போது மணிமாறன் கையில் ஃபோன் டிங் என்றது. பின்னாலேயே காளியண்ணன் ஃபோனும் அலறியது. பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேச்சேரி ஆண்டிங்க."

"யோவ், ஆடு ஏத்தற வண்டி இல்லீன்னு அன்னிக்கே சொன்னனல்ல?"

"ஆட்டையெல்லாம் வேற வண்டீல ஏத்தியாச்சுங்க. எனக்குப் பட்டியில போரு போடோணும். அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க கோவிச்சுக்கிட்டு வெச்சுட்டீங்க. அந்தப் பச்சைப் பட்டன அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சு போச்சுங்க, போவவே இல்ல. இன்னிக்கு ஒரே அமுக்குல போயிருச்சு. வந்துச்சுங்களா?"

மணிமாறன் தன் ஃபோனை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினான். காளியண்ணன் கண்ணாடி போட்டு, படித்து, மறுபடியும் படித்தார்.

"மேச்சேரியா? ராய்ப்பூர் வண்டிய வெச்சுக்கிட்டு, கூப்பிடு தூரத்து மேச்சேரிப் பாயிண்ட்ட ஒரு பாயிண்ட்டுன்னு கணக்குல வெக்கறதா?"

நான் முன்னால் போனேன். இத்தனை நாள் படி கழுவியதும் துணி காயப்போட்டதும் எதற்கு?

"ஏனுங்ண்ணா, 'ஒரே ஒரு பாயிண்ட்டு'ன்னுதானுங்க சொன்னீங்க. எந்த ஊருன்னு சொல்லலீங்க. நான் சாட்சி. நீங்களே வெச்ச சாட்சி."

எதிர்வீட்டு ரமேஷ்குமார் மதிலுக்கு மேலிருந்து, "அண்ணன் பேச்சு மாறாதவருங்க" என்று பக்குவமாக எண்ணெய் ஊற்றினார். காளியண்ணன் அவரை முறைத்தார், என்னை முறைத்தார், கடைசியில் கேபினில் ஏறி நீலப் பெட்டியை எடுத்துத் தெருவில் வைத்தார். அவரே வைத்தார். "கண்ணு, என்ற துண்டு, மாத்திரை எல்லாம் எடுத்தாந்து குடு" என்று மகனிடம் சொன்னார்.

ஒரு ரிக் ராய்ப்பூர் போனது. இன்னொன்று மேச்சேரிக்குப் போய் ஆண்டியின் பட்டியில் தண்ணீர் காட்டிவிட்டு, பின்னாலேயே போனது. ஆண்டி சந்தோஷத்தில் ஒரு கிடாயைக் கம்ப்ரசர் வண்டியிலேயே ஏற்றி அனுப்ப, டிரைவர்கள் அதை எங்கள் தெரு வழியாகக் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் போனார்கள். ரமேஷ்குமாருக்கு அன்று சிரித்த சிரிப்பிலேயே வயிறு நிறைந்திருக்கும்.

இனி நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை சண்டை போடுகிற இரண்டு பேர் வேறென்ன செய்வார்கள் என்று, முகூர்த்தத்துக்கு எந்தப் பட்டுப்புடவை என்பது வரை முடிவு செய்துவிட்டேன். ஒருநாள் ரஞ்சிதாவிடம் நாசூக்காகக் கேட்டும் விட்டேன். "அவனையா? அக்கா, அவன் எழுதறதைத் திருத்தறதே முழுநேர வேலை" என்று சிரித்தாள். அடுத்த தை மாதம் ஆத்தூரில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இளஞ்செழியன், ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறார், அதிகம் பேசாத மனிதர், அவளுக்கு அதுதான் சரி. இப்போது ஓசூரிலிருந்தே வேலை செய்கிறாள். சண்டையெல்லாம் வீடியோ காலில் நடக்கிறது. ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர், எனக்குக் குறையில்லை.

மணிமாறனுக்கு மாதேஸ்வரன் மகள் சுகன்யாவைப் பேசி முடித்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவனோடு தனியாகப் பேச அனுப்பியதும், அவள் கேட்ட முதல் கேள்வி, "கல்கத்தாவுல எங்கப்பா லாரிய ஊமையாக்குனது நீங்கதானுங்களா?" என்பதுதானாம். கல்யாணத்துக்குக் காளியண்ணன் ராய்ப்பூரிலிருந்து ரயிலில் வந்துவிட்டு, பந்தல் பிரிப்பதற்குள் திரும்பிப் போய்விட்டார். முழங்கால் வலி அங்கே போனதும் போய்விட்டதாகக் கண்ணாத்தாள் சந்தேகத்தோடு சொல்கிறார். சுகன்யா மாடியில் வந்து உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்கிறாள். இப்போது ஒரு கோழிப்பண்ணைக்கு வெப்சைட் செய்கிறார்கள். நேற்று படியில் துணி வாளியோடு போனபோது உள்ளே அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"ஏனுங்க, கோழிய எதுக்குங்க முட்டைக்கு வாரிசுன்னு எழுதியிருக்கீங்க?"

துணி அன்று நிறைய இருந்தது.